பள்ளிக் கல்வி அலுவலகங்களில் ஆர்.டி.ஐ. மனு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கிறவர்கள், மனு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்கள், இரவில் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் என எல்லாருக்கும் ஏறக்குறைய அதே ஐயங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே வைத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது. எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

1. ஆர்.டி.ஐ. என்கிறார்களே, அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அரசு அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணங்களை, சட்டம் விலக்கி வைத்தவை தவிர, குடிமக்கள் யாரும் கேட்டுப் பெறலாம். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் அறையின் பீரோவில் இருக்கும் இருப்புப் பதிவேட்டிலிருந்து, சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள இயக்ககங்களின் கோப்புகள் வரை எல்லாம் இதில் அடங்கும்.

2. யார் மனு போடலாம்? அந்தப் பள்ளியில் என் பிள்ளை படித்தால்தான் கேட்கலாமா?

இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் போதும். பிள்ளை அங்கே படிக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்த ஊரிலோ, இந்த நாட்டிலோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்கம் தரத் தேவையில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது. மனுவை வாங்கும் எழுத்தர் "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டால் சிரித்துவிட்டு ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்கத்தின் பெயரிலோ குழுவின் பெயரிலோ மனு எழுதாதீர்கள். உரிமை குடிமக்களுக்கு என்பதால், "சங்கம் குடிமகன் அல்ல" என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். தலைவரோ செயலாளரோ தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டால் சிக்கல் இல்லை.

3. மனுப் போடாமலேயே சில விவரங்கள் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுடையது 33 என்று தொடங்கும். யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் போன்ற விவரங்கள் பள்ளிவாரியாக இருக்கின்றன. அங்கே "பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 4" என்று இருந்து, பள்ளியில் நீங்கள் ஒன்றை மட்டும் பார்த்தால், மனுவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்கள் கையில் இருக்கிறது.

4. மனுவை யாருக்கு எழுதுவது? தலைமை ஆசிரியருக்கா, சி.இ.ஓ.வுக்கா (முதன்மைக் கல்வி அலுவலர்), கலெக்டருக்கா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பதவியில் பெரியவருக்கு எழுதினால் வேலை நடக்கும் என்பது மனுநீதி நாள் பழக்கம். ஆர்.டி.ஐ.யில் அது உதவாது. நீங்கள் கேட்கும் தாள் எந்த அலுவலகத்து அலமாரியில் இருக்கிறதோ, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "பொதுத் தகவல் அலுவலர்" என்று போட்டு அலுவலக முகவரி எழுதினால் போதும்.

தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகம்; அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பள்ளியின் அன்றாடப் பதிவேடுகள் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். ஆய்வறிக்கை, பணியிட விவரம் போன்றவை மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை), முதன்மைக் கல்வி அலுவலர் ஆகியோரின் அலுவலகங்களில் இருக்கும். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். 2022-இல் துறையைச் சீரமைத்தபோது வந்த பிரிவினை இது. அதற்கு முந்தைய கோப்பு வேண்டும் என்றால், இப்போது அது எந்த அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்பதையும் மனுவிலேயே ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளி வளாகத்துக்குள் நடப்பதெல்லாம் கல்வித் துறையின் கையில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சத்துணவு சமூக நலத் துறைத் திட்டம். கிராமப்புறத்தில் அதன் கணக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. பள்ளியின் பெயர்ப் பலகையை ஒருமுறை முழுதாகப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

5. அலுவலகம் மாறி அனுப்பிவிட்டேன். மனு வீணாகிவிட்டதா?

இல்லை. 6(3) பிரிவின்படி, 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். "எங்களிடம் இல்லை" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவது தவறு. ஆனாலும் மாற்றி அனுப்பும் கடிதத்தோடு சில வாரங்கள் கரைந்துவிடும். 4-ஆம் கேள்விக்கான பதிலைப் படித்துச் சரியான இடத்துக்கே அனுப்பப் பாருங்கள்.

6. பத்து ரூபாயை எப்படிக் கட்டுவது? தபால் தலை ஒட்டலாமா?

தபால் தலை கூடாது, ரெவின்யூ ஸ்டாம்பும் கூடாது. மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவதே எளிது. நீதிமன்ற வளாகங்களை ஒட்டிய முத்திரைத்தாள் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். நேரில் ரொக்கமாகக் கட்டலாம், வரைவோலையும் எடுக்கலாம். பத்து ரூபாய்க்கு வரைவோலை எடுத்து, அதைவிடக் கூடுதலாக வங்கிக் கட்டணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. சான்றின் நகலை இணைக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியாகவும் மனு அனுப்பலாம். உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மனுவில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

வெள்ளைத் தாளில், தமிழிலேயே, கையால் எழுதினாலும் செல்லும். உங்கள் பெயர், முகவரி, "தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு" என்ற ஒரு வரி, பிறகு வரிசை எண்ணிட்ட கேள்விகள், கையெழுத்து, வில்லை. அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் முடித்தால் பதிலும் ஒழுங்காக வரும். முப்பது கேள்வி கேட்கும் மனுவுக்கு வழவழ பதில்தான் வரும். அதில் அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்விகள் இப்படி இருக்கட்டும்: "1.8.2025 அன்றைய நிலவரப்படி மேற்படி நடுநிலைப் பள்ளிக்கு வழங்கப்பட்ட ஆசிரியர் பணியாளர் நிர்ணய ஆணையின் சான்றிட்ட நகல்." "1.6.2024 முதல் 31.5.2025 வரை நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல்." "அதே காலத்தில் பள்ளி மானியமாகப் பெறப்பட்ட தொகைக்கான ரொக்கப் பதிவேட்டுப் பக்கங்கள், செலவுப் பற்றுச்சீட்டுகளின் நகல்." ஒவ்வொன்றிலும் பதிவேட்டின் பெயர், பள்ளி, தேதி ஆகிய மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். இம்மூன்றும் இருந்தால் எழுத்தர் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தே ஆக வேண்டும். "பள்ளியின் வரவு செலவு விவரம் தருக" என்று எழுதினால், அவர் தம் விருப்பத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாம்.

பதிவேட்டின் பெயர் தெரியவில்லை என்றால், உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஏதேனும் ஓர் அலுவலகக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலே "ந.க.எண்" என்று ஓர் எண், சாய்கோடு, பிறகு "ஆ3" என்பது போல ஓர் எழுத்தும் எண்ணும், கடைசியில் ஆண்டு இருக்கும். முதல் எண் கோப்பினுடையது. "ஆ3" என்பது அந்தக் கோப்பைக் கையாளும் இருக்கை. அதை மேற்கோள் காட்டி "மேற்படி ந.க.எண் கொண்ட கோப்பின் அலுவலகக் குறிப்புகள் உட்பட எல்லாப் பக்கங்களின் நகல்" என்று கேட்டால், எந்தக் கோப்பு என்று தெரியவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

8. "எங்கள் பள்ளிக்கு ஏன் கணித ஆசிரியர் போடவில்லை?" என்று கேட்டேன். "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில் போட்டுவிட்டார்கள். இது நியாயமா?

கோபம் நியாயம். ஆனால் பதில் சட்டப்படி சரி. இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும். இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "ஏன்", "எப்போது செய்வீர்கள்", "யார் பொறுப்பு" என்று முடியும் கேள்விகள் எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் விழும்.

அதே ஆதங்கத்தைத் தாளாக மாற்றிக் கேளுங்கள். அந்தப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலியாக இருக்கிறது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கம். காலிப் பணியிடம் குறித்துத் தலைமை ஆசிரியர் மேலலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்கள். அவற்றின் மீது எழுதப்பட்ட குறிப்புகள். கடைசியாக நடந்த பணி நிரவலில் (உபரி ஆசிரியர்களைத் தேவை உள்ள பள்ளிக்கு மாற்றுவது) அந்தப் பள்ளி சேர்க்கப்பட்டதா என்பதைக் காட்டும் பட்டியல். இந்த நான்கும் வந்தால் "ஏன்" என்பதற்கான விடை தானாகத் தெரிந்துவிடும். பல நேரம், காலிப் பணியிடம் இருப்பதாகப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்பதுதான் அந்த விடை.

9. நகல் வேண்டாம், நேரில் போய்ப் பார்த்தால் போதும். முடியுமா?

முடியும். கோப்பைப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் உரிமையின் பகுதிதான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு சிறு தொகை உண்டு. "கேட்கும் ஆவணங்கள் மிகுதியாக இருப்பின் நேரில் பார்வையிட்டுத் தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் பெற விரும்புகிறேன்" என்ற வரியை மனுவின் கடைசியில் எப்போதும் சேர்க்கச் சொல்வேன். "பக்கங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன" என்ற மறுப்பை அது முளையிலேயே கிள்ளிவிடும். போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

10. எத்தனை நாளில் பதில் வரும்? இப்போது "பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்திருக்கிறதே?

மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். 5-ஆம் கேள்வியில் சொன்னது போல மாற்றி அனுப்பப்பட்டிருந்தால் அந்த நாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதையும், மனு சேர்ந்த நாளைக் காட்டும் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு வரும் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

ஏ4 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய் என்பது விதிப்படியானதே. எத்தனை பக்கம், எவ்வளவு தொகை, எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுவது என்ற விவரம் கடிதத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது. ஆனால் 30 நாள் தாண்டிய பிறகு பணம் கேட்டு எழுதினால், கட்ட வேண்டியதில்லை. காலம் தவறினால் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6).

11. எங்கள் பிள்ளை படிப்பது தனியார் மெட்ரிக் பள்ளி. "எங்களுக்கு ஆர்.டி.ஐ. பொருந்தாது" என்று தாளாளர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

அரசு உதவி பெறாத பள்ளியைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. தனியார் பள்ளி, அங்கீகாரத்துக்காகவும் கட்டண நிர்ணயத்துக்காகவும் அரசிடம் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கொடுத்திருக்கிறது. தனியார் அமைப்பைப் பற்றி அரசு அலுவலகம் வேறு சட்டத்தின்படி பெறக்கூடிய விவரங்களும் "தகவல்" என்பதற்குள் வரும் என்று 2(எஃப்) பிரிவு சொல்கிறது.

மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் அங்கீகார ஆணை, ஆய்வறிக்கை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். கட்டணப் பிரச்சினை என்றால், 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு வழங்கிய ஆணையைக் கேளுங்கள். ஓர் ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குப் பொருந்தும். கையில் ஆணை இருந்தால், ரசீதில் உள்ள தொகையோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்ற எண்ணிக்கை விவரமும் இதே வழியில் கிடைக்கும்.

அரசு உதவி பெறும் பள்ளியின் கதை வேறு. அங்கே ஆசிரியர் சம்பளமே அரசுப் பணம். அரசு நிதியை கணிசமாகப் பெறும் கல்வி நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே உதவி பெறும் பள்ளிக்கு நேரடியாகவே மனு எழுதலாம். "நாங்கள் சிறுபான்மை நிறுவனம்" என்பது மட்டுமே அதற்குப் பதிலாகிவிடாது.

12. சி.பி.எஸ்.இ. பள்ளிக்கும் இதே முறையா?

மாநில அரசு அங்கீகாரம், தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கு மேலே சொன்ன வழியே. இணைப்பு தொடர்பான ஆவணங்கள் சி.பி.எஸ்.இ. வாரியத்திடம் இருக்கும், அது மத்தியப் பொது அதிகார அமைப்பு. கேந்திரிய வித்யாலயாவும் அப்படியே. இவற்றுக்கு மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். தபாலில் என்றால் இந்திய அஞ்சல் ஆணை. நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பிவிட வேண்டாம்.

13. பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இதற்கு எந்தத் தாளைக் கேட்பது?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்தார்கள். இரண்டுக்கும் பிறகு மாநிலம் முழுதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன. ஆகவே உங்கள் பள்ளியைப் பற்றியும் எங்கேனும் ஓர் ஆய்வுத் தாள் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதைத் தேடுவதே வேலை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் பெயரிலேயே விடை இருக்கிறது. கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம்; பழுது, இடிப்பு, புதுக் கட்டட மதிப்பீடு எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்தில். கல்வி அலுவலகத்துக்கு எழுதினால் அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே என்று பந்தாடப்படுவீர்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறைப் பொறியாளர் அலுவலகத்தையும் கவனியுங்கள். கேட்க வேண்டியவை: கடைசியாகக் கட்டடத்தின் உறுதித்தன்மையை ஆய்வு செய்த அறிக்கை, பழுதடைந்தவை என்று பட்டியலிடப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இந்தப் பள்ளி உள்ள பக்கம், இடிக்க அனுமதி கோரிய கடிதம், மதிப்பீடு.

இதில் ஒரு தனி அறிவுரையும் உண்டு. கூரை பெயர்ந்து விழும் நிலை என்றால் 30 நாள் காத்திருக்காதீர்கள். முதலில் படம் எடுத்து ஆட்சியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிள்ளைகளை அந்த அறையில் உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மனு அதன் பிறகு.

14. ஓர் ஆசிரியர் பாதி நாள் வருவதே இல்லை. அவருடைய வருகைப் பதிவேட்டைக் கேட்கலாமா?

கேட்பதற்குத் தடை இல்லை. கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. பணிப் பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைகள், சொத்து விவரம் போன்றவை தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதாவது 8(1)(ஜே) பிரிவில், பொதுப் பணியோடு தொடர்பு இல்லாத தனிப்பட்ட தகவல் என்ற வரம்பு இருந்தது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரம்பை நீக்கிவிட்டது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது "தனிப்பட்ட தகவல்" என்ற இரண்டே சொல்லில் மறுத்துவிடலாம். சம்பளம் பொதுப் பணமாக இருக்கும்போது வருகை மட்டும் எப்படித் தனிப்பட்டதாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வழி முழுதாக அடைபடவில்லை. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: பொதுநலன் மேலோங்கினால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். காரணம் சொல்ல வேண்டாம் என்று 2-ஆம் கேள்வியில் எழுதினேன். இங்கே மட்டும் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் வேறு வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறார்கள் என்பது போன்ற பொதுக் காரணமாக அது இருக்கட்டும். கூடவே, பெயர் கேட்காமல் "ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள், பிரிவு 10-இன்படி பெயர்களை மறைத்து" என்று கேளுங்கள். ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் எந்த வரிசை வெறுமையாக இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

15. என் மகளின் விடைத்தாளை ஆர்.டி.ஐ.யில் வாங்க முடியுமா?

தேர்வு எழுதியவருக்குத் தம் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்பதும் 8-ஆம் கேள்வியில் சொன்ன அதே 2011 தீர்ப்புதான். ஆனால் பிளஸ் 2 போன்ற பொதுத் தேர்வுக்கு, முடிவு வந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் தனியாக விண்ணப்பம் பெறுகிறது. அந்த வழியிலேயே போங்கள். ஆர்.டி.ஐ. பதிலுக்குக் காத்திருந்தால் மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைக் கேட்பவர்களும் வருகிறார்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

16. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அதோடு முடிந்ததா?

கோப்பு தொலைந்தது என்பது சட்டத்தில் உள்ள விலக்குகளில் ஒன்று அல்ல. தேடிப் பார்க்க வேண்டும், பொறுப்பு யாருடையது என்று கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. விதிப்படி அழிக்கப்பட்டது என்றால், அழித்ததற்கான ஆணையின் நகலைக் கேளுங்கள். மாணவர் சேர்க்கை, நீக்கப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஒன்று. அது கரையான் அரித்துவிட்டது என்றால் அதற்கும் ஓர் அறிக்கை இருந்தாக வேண்டும்.

17. நான் கொடுத்த புகார் மனு என்ன ஆனது என்றே தெரியவில்லை. அதைக் கேட்கலாமா?

இந்தச் சட்டத்தின் மிகச் சிறந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன். "என் புகாரின் மீது நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதாதீர்கள், அதற்கு ஆர்.டி.ஐ. பயன்படாது. ஒவ்வோர் எழுத்தரும் தம்மிடம் வரும் தபால்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்தத் தேதியில் தபால் வந்தது, எந்தத் தேதியில் மேலே அனுப்பப்பட்டது, என்ன முடிவானது என்று அதில் இருக்கும். "என் புகார் மனு பதியப்பட்ட தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதன் மீதான அலுவலகக் குறிப்புகள், பிறப்பிக்கப்பட்ட செயல்முறைகள்" என்று கேளுங்கள். ஆறு மாதமாக அசையாத மனு, இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த வாரத்தில் அசைவதுண்டு.

18. பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் உருப்படியாக இல்லை. அடுத்து என்ன?

முதல் மேல்முறையீடு. பதில் கிடைத்த நாளிலிருந்தோ, 30 நாள் கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. யாருக்கு அனுப்புவது என்பதை மறுப்புக் கடிதத்திலேயே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் "மேல்முறையீட்டு அலுவலர்" என்று அதே அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். அவர் 30 நாளுக்குள், காரணம் எழுதி வைத்தால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

திட்டி எழுதாதீர்கள். கேள்வி எண், அவர்கள் சொன்ன பதில், அது ஏன் போதாது என்று மூன்று வரி போதும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது அல்ல என்பதையும் 19(5) பிரிவைக் காட்டி ஒரு வரி சேர்க்கலாம்.

19. தகவல் ஆணையம் வரை போனால் அதிகாரிக்குத் தண்டனை கிடைக்குமா?

கிடைக்கலாம். முதல் மேல்முறையீட்டு முடிவிலிருந்து 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலருக்கு ஆணையம் தண்டம் விதிக்கலாம். உங்களுக்கு இழப்பு நேர்ந்திருந்தால் இழப்பீடும் கேட்கலாம்.

பிரிவு 18-இன் கீழ் புகார், பிரிவு 19-இன் கீழ் மேல்முறையீடு என்று இரண்டு வழி இருப்பதால் குழப்பம் வருகிறது. புகாரில் தண்டம் மட்டுமே கிடைக்கும், தகவலைத் தரச் சொல்லி ஆணையிட முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தாள் வேண்டும் என்றால் மேல்முறையீட்டையே செய்யுங்கள். விசாரணைக்கு அழைப்பு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும் என்பதால், முதல் மனுவைச் செம்மையாக எழுதுவதில் இரண்டு மாலை கூடுதலாகச் செலவிடுவது லாபம்.

20. மனு போட்டால் பள்ளியில் பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். மனுவில் தொடர்பு முகவரி மட்டும் இருந்தால் போதும். பிள்ளையின் பெயரையோ வகுப்பையோ எழுத வேண்டியதில்லை. அஞ்சல் பெட்டி எண்ணைக்கூட முகவரியாகக் கொடுக்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. இன்னும் எளிய வழி, 2-ஆம் கேள்வியில் இருக்கிறது: யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெளியூரில் இருக்கும் உங்கள் அண்ணனோ, பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்ட பக்கத்துத் தெருக்காரரோ தம் பெயரில் அனுப்பட்டும். பள்ளிக்கு அனுப்பாமல், அதே தாளின் நகல் இருக்கும் மேலலுவலகத்துக்கு அனுப்பினாலும் சூடு சற்றுக் குறையும்.

21. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து, "மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், நான் நேரில் காட்டுகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

வந்தவருக்குக் காபி கொடுங்கள், பகை எதற்கு? பல தலைமை ஆசிரியர்கள் மேலிடத்துக்குப் பயந்துதான் வருகிறார்கள். மானியம் தாமதமாக வந்து, தம் கைப்பணத்தைப் போட்டு மின்கட்டணம் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. காட்டுகிறேன் என்றால் போய்ப் பாருங்கள். பார்த்துத் திருப்தி ஏற்பட்டால், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கங்களைப் பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

"கோரிய தகவல்கள் அனைத்தும் பெறப்பட்டன" என்று முன்கூட்டியே தட்டச்சு செய்துவைத்த தாளில் மட்டும், எல்லாம் கைக்கு வந்து சேரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், பிறகு 18-ஆம் கேள்வியில் சொன்ன மேல்முறையீட்டில் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.